கனவின் பொருள் யாருக்குரியது? – பிராய்டின் ‘டோரா’ ஆய்வு பற்றிய ஒரு திறனாய்வு

சிக்மண்ட் பிராய்டு எழுதியவற்றுள் ஆயர் பணிக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வோர் கட்டாயம் கற்கவேண்டியது யாதெனக் கேட்டால், பலரும் ‘கனவுகளின் விளக்கம்’ என்னும் பெருநூலையே குறிப்பிடுவர். 1899-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்து, முகப்பில் 1900 என்னும் ஆண்டைத் தாங்கிய அந்நூலின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும், 1905-இல் அவர் வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா நோய்ப் பகுப்பாய்வின் ஒரு பகுதி’ என்னும் நீண்ட கட்டுரையே நமக்கு மிகுந்த பயன் தரவல்லது என்பது நம் கருத்து. பெருநூல் கோட்பாட்டை வகுக்கிறது. அக்கோட்பாடு துன்புற்ற ஓர் இளம்பெண்ணின்முன் எவ்வாறு நடந்துகொண்டது என்பதை இக்கட்டுரை காட்டுகிறது. பிராய்டு அவளுக்கு இட்ட புனைபெயர் ‘டோரா’ என்பதாகும்.

நம் சபைகளில் கனவுகளோடு ஆயரைத் தேடி வருவோர் இன்றும் உளர். மரித்த தந்தை வாசலில் வந்து பேசாமல் நின்றார் என்பார் ஒருவர். பல் விழக் கண்டேன், கல்யாண வீடு கண்டேன், யாருக்குச் சாவோ என்று அஞ்சுவார் மற்றொருவர். பஞ்சாங்கத்தின் கனவுப் பலனை நம்பலாகாது என்று அவர்களுக்குச் சொல்லிவிடுவது எளிது. அதன்பின் அவர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? உளவியல் நூலொன்றில் கற்ற வேறொரு பலனையா? அல்லது, ‘ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்’ என்னும் முன்னுரையோடு நம் சொந்த ஊகத்தையா? கனவு காண்பவர் ஒருவர், பொருள் சொல்பவர் மற்றொருவர் என்றாகும்போது, அப்பொருளுக்கு உரியவர் யார் என்னும் வினா எழுகிறது. டோராவின் வரலாற்றை இவ்வினாவோடு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பிராய்டு வகுத்த நெறி

முற்காலத்தார் கனவுக்குப் பொருள் கண்ட முறைகளைப் பிராய்டு இரண்டாகப் பிரிக்கிறார். கனவு முழுவதையும் ஒரே உருவகமாகக் கொண்டு, அதற்கு இணையான வேறொரு செய்தியை வைப்பது முதலாவது முறை. பார்வோனின் கனவுக்கு யோசேப்பு அளித்த விளக்கத்தை இதற்கு அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஒவ்வொரு பொருளுக்கும் இன்ன பலன் என்று அட்டவணையிட்டு, அதன்படி கனவை மொழிபெயர்ப்பது இரண்டாவது முறை. தால்திஸ் ஊரினரான அர்த்தெமிதோர் எழுதிய பழைய கிரேக்கக் கனவு நூல் இவ்வகையினது. நம் பஞ்சாங்கப் பலனும் இதுவே.

இவ்விரண்டையும் விலக்கிப் பிராய்டு மூன்றாவது வழியைக் கண்டார். கனவின் ஒவ்வொரு பகுதியையும் கனவு கண்டவர்முன் வைத்து, அதனோடு சேர்ந்து அவர் உள்ளத்தில் எழுவது யாதென்று கேட்பதே அவ்வழி. எழுவதைத் தடுக்காமலும் தேர்ந்தெடுக்காமலும் அவர் சொல்லவேண்டும். ஒரே காட்சி இருவருக்கு இருவேறு பொருள் தரக்கூடும் என்பதைப் பிராய்டு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். தம் முறை பண்டை முறையினின்று வேறுபடுவது, விளக்கும் வேலையைக் கனவு கண்டவரிடமே ஒப்படைப்பதில்தான் என்றும் பின்னர் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார்.

இது பெரியதொரு மாற்றம். கனவின் திறவுகோல் குறிசொல்பவரின் கையிலிருந்து கனவு கண்டவரின் கைக்கு வந்தது. அவருடைய நினைவுகள், நேற்றைய நிகழ்ச்சிகள், வீட்டுச் சண்டைகள், அச்சங்கள் ஆகியவற்றின் ஊடாக அன்றிக் கனவுக்குப் பொருள் இல்லை என்னும் இந்நெறியை ஆயர் பணியும் நன்றியோடு ஏற்றுக்கொள்ளலாம். பிராய்டை நாம் அளக்கப் புகும் அளவுகோலும் அவர் வகுத்த இந்நெறியே.

2. டோரா வந்த சூழல்

1900-ஆம் ஆண்டு அக்டோபரில் பதினெட்டு வயதான டோராவை அவளுடைய தந்தை வியன்னாவில் பிராய்டிடம் அழைத்துவந்தார். இருமல், குரலிழப்பு, மனச்சோர்வு ஆகியவை அவளை வருத்தின. தன் வாழ்வை முடித்துக்கொள்ளப்போவதாக அவள் எழுதிவைத்திருந்த கடிதமும் பெற்றோர் கையில் அகப்பட்டது.

நோய்க்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. டோராவின் தந்தைக்கும் குடும்ப நண்பரான திரு. கே. என்பவரின் மனைவிக்கும் தகாத உறவு இருந்தது. திரு. கே. டோராவின்மேல் கண்வைத்தார். அவளுக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, திருவிழாவைக் காணலாமென்று தம் கடைக்கு வரவழைத்து, தனிமையில் அவளைப் பற்றி முத்தமிட்டார். அவள் அருவருப்புற்று ஓடிவிட்டாள். பதினாறாம் வயதில் ஏரிக்கரையில் உலாவும்போது அவர் மறுபடியும் அவளை அணுகினார். அவள் அவரை அறைந்துவிட்டு அகன்றாள். இரண்டு வாரங்களுக்குப்பின் தாயிடம் சொன்னாள். தாய் தந்தையிடம் சொன்னார். தந்தை விசாரித்தபோது திரு. கே. அடியோடு மறுத்தார். அப்பெண் காதல் பற்றிய நூல்களை வாசித்துக் கற்பனை செய்துகொண்டாள் என்று பழியை அவள்மீதே திருப்பினார். தந்தையும் அதை நம்பினார். தன் மகளுக்கு நற்புத்தி வரச் செய்யும்படியே அவர் பிராய்டை வேண்டிக்கொண்டார்.

இங்கே பிராய்டுக்கு நாம் நியாயம் செய்யவேண்டும். அவர் தந்தையின் கூற்றை அப்படியே ஏற்கவில்லை. டோரா சொன்னது ஒவ்வொரு கூறிலும் உண்மையே என்னும் முடிவுக்கு வந்தார். தந்தையின் தகாத உறவைப் பொறுத்துக்கொள்வதற்கு விலையாகத் தன்னைத் திரு. கே.யிடம் விட்டுவிட்டார்கள் என்று அவள் குமுறியதில் உண்மை இருப்பதையும் கண்டார். அவளைச் சுற்றியிருந்த பெரியோருள் அவளை நம்பியவர் அவர் ஒருவரே எனலாம். அப்படியிருந்தும் அவள் அவரை விட்டு விலகியது ஏன் என்பதே நம்மைச் சிந்திக்கவைப்பது.

3. முதற் கனவு

டோரா பலமுறை கண்ட கனவு இது. வீடு தீப்பற்றி எரிகிறது. தந்தை அவள் கட்டிலருகே நின்று அவளை எழுப்புகிறார். அவள் விரைந்து உடுத்திக்கொள்கிறாள். தாய் தன் நகைப்பெட்டியைக் காப்பாற்ற நினைக்கிறாள். உன் நகைப்பெட்டிக்காக நானும் என் இரு பிள்ளைகளும் தீயில் மாள்வதோ என்று தந்தை மறுக்கிறார். எல்லாரும் கீழே ஓடி வெளியே வந்ததும் அவள் விழித்துக்கொள்கிறாள்.

பிராய்டு தம் நெறிப்படி கேட்கத் தொடங்கியபோது டோரா தந்த செய்திகள் மிகவும் தெளிவானவை. ஏரிக்கரை நிகழ்ச்சிக்குப்பின், அதே ஊரில் தங்கியிருந்த இரவுகளில்தான் அக்கனவு முதலில் வந்தது. அந்நாள்களில் ஒரு பிற்பகல் அவள் சற்று உறங்கி விழித்தபோது, திரு. கே. தன் அருகில் நிற்பதைக் கண்டாள். அஞ்சியவள் திருமதி கே.யிடமிருந்து அறைச் சாவியை வாங்கி, மறுநாள் காலை கதவைப் பூட்டிக்கொண்டு உடுத்தினாள். அன்று பிற்பகலே சாவி காணாமற்போயிற்று. அதுமுதல் விரைந்து உடுத்தும் வழக்கம் அவளுக்கு உண்டாயிற்று. திரு. கே. அவளுக்கு விலையுயர்ந்த நகைப்பெட்டி ஒன்றைச் சிறிது காலத்துக்குமுன் பரிசளித்திருந்தார் என்பதும் தெரியவந்தது.

இந்த வீட்டை விட்டு வெளியேறும்வரை எனக்கு அமைதியில்லை என்னும் உறுதிப்பாடே இக்கனவு என்று பிராய்டு கண்டார். இதுவரை அவர் செய்தது மிகச் சிறந்த பணி. காணாமற்போன சாவி, படுக்கையருகே நின்ற ஆள், அவசரமாக உடுத்தல் ஆகிய யாவும் டோராவின் வாயிலிருந்தே வந்தவை. அவளுடைய கனவு அவளுடைய வாழ்வுக்குள்ளேயே பொருள் பெற்றது.

பிராய்டு இத்துடன் நிற்கவில்லை. நகைப்பெட்டி என்பது பெண்ணுறுப்பைக் குறிக்கும் வழக்கு ஜெர்மன் மொழியில் உண்டென்று கொண்டு, அதன்மேல் வேறொரு கட்டடத்தை எழுப்பினார். டோரா அஞ்சியது திரு. கே.யை மட்டுமன்று, அவருக்கு இணங்கிவிட விழையும் தன் ஆசையையே அவள் அஞ்சினாள், அதனின்று தப்பவே தந்தைமீது தனக்கிருந்த சிறுபிராயப் பாசத்தைத் துணைக்கழைத்தாள் என்றார். கனவினின்று விழித்தபின் புகை மணத்தது என்று அவள் பின்னர் சொன்னதும், புகைபிடிக்கும் பழக்கமுள்ள தம்மிடமிருந்தும் அவள் ஒரு முத்தத்தை விரும்பியிருக்கக்கூடும் என்று ஊகித்தார். பதினான்கு வயதில் அவள் உணர்ந்த அருவருப்பையும் நோயின் அறிகுறியாகவே அவர் கொண்டார். நலமுள்ள பெண்ணாயிருந்தால் அச்சூழலில் வேறுவிதமாக உணர்ந்திருப்பாள் என்பது அவர் எண்ணம்.

அட்டவணையை அகற்றிய அறிஞர் இவ்விடத்தில் அட்டவணைக்கே திரும்பிவிட்டார். ‘நகைப்பெட்டி என்றால் இது’ என்பதற்கும் ‘பல் விழுந்தால் சாவு’ என்பதற்கும் முறையளவில் வேற்றுமையில்லை. ‘கனவுகளின் விளக்கம்’ நூலின் பிற்பதிப்புகளில் குறியீடுகள் பற்றிய பகுதி வளர்ந்துகொண்டே சென்றதும் இப்போக்கையே காட்டுகிறது.

4. மறுப்பும் உடன்பாடும்

நகைப்பெட்டியின் பொருளைப் பிராய்டு குறிப்பிட்டபோது, அவர் இதைத்தான் சொல்வார் என்பது தனக்கு முன்னரே தெரியும் என்றாள் டோரா. சலிப்பும் கசப்பும் கலந்த மறுமொழியாகவே நமக்கு அது ஒலிக்கிறது. பிராய்டு அதை உடன்பாடாக எடுத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட எண்ணத்தை முதன்முதலில் எடுத்துக்காட்டும்போது நோயாளி ‘இல்லை’ என்பது, அவ்வெண்ணம் எவ்வளவு ஆழமாக ஒடுக்கப்பட்டுள்ளது என்பதன் அளவே என்று அவர் இக்கட்டுரையில் எழுதுகிறார். ஆம் என்றால் விளக்கம் சரி. இல்லை என்றால் மிகவும் சரி. இவ்வாறு ஆகும்போது நோயாளிக்கு மறுமொழி சொல்ல இடமே இல்லாமற் போகிறது.

இக்குற்றச்சாட்டைப் பிராய்டு அறியாதவரல்லர். 1937-இல், தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியில், இதை அவரே எடுத்துப் பேசினார். நோயாளியின் ‘ஆம்’ என்பதையோ ‘இல்லை’ என்பதையோ நேரடிச் சான்றாகக் கொள்ளலாகாது. விளக்கத்துக்குப்பின் அவரிடமிருந்து புதிய நினைவுகள் பெருகிவருகின்றனவா என்றே நோக்கவேண்டும் என்றார். 1900-இல் டோராவுக்கு இப்பொறுமை கிட்டவில்லை.

ஏற்கெனவே ஒருமுறை அவளுடைய ‘இல்லை’ மதிக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஏரிக்கரையில் அவள் ‘இல்லை’ என்றாள், திரு. கே. அதைப் பொருட்படுத்தவில்லை. நடந்ததைச் சொன்னாள், தந்தை அதைக் கற்பனை என்றார். மூன்றாவதாக மருத்துவரிடம் வந்தாள். நடந்தது உண்மை, ஆயினும் உன் ‘இல்லை’ என்பதன் பொருள் ‘ஆம்’ என்றார் அவர். அவள் சொன்ன செய்தியை நம்பியவர் அவளை நம்பவில்லை.

5. இரண்டாம் கனவும் பிரிவும்

டிசம்பர் இறுதியில் டோரா மற்றொரு கனவைக் கொண்டுவந்தாள். அறியாத ஊர் ஒன்றில் அவள் அலைகிறாள். தந்தை இறந்துவிட்டார், விரும்பினால் வரலாம் என்று தாயிடமிருந்து கடிதம் வருகிறது. புகைவண்டி நிலையம் எங்கே என்று நூறுமுறை கேட்கிறாள். ஐந்து நிமிட வழி என்னும் விடையே கிடைக்கிறது. அடர்ந்த காடு ஒன்றில் எதிர்ப்பட்ட ஆடவன் இன்னும் இரண்டரை மணி நேர வழி என்று சொல்லி, துணைக்கு வருவதாகக் கூறுகிறான். அவள் மறுத்துத் தனியே செல்கிறாள். முடிவில் வீட்டை அடையும்போது, எல்லாரும் ஏற்கெனவே கல்லறைக்குப் போய்விட்டார்கள் என்று வேலைக்காரி சொல்கிறாள்.

பிராய்டு இரண்டு அமர்வுகளில் இதனை விரிவாக விளக்கி, கிடைத்த பயனைக் குறித்து மனநிறைவும் தெரிவித்தார். அப்படி என்ன பெரிதாக வெளிவந்துவிட்டது என்று டோரா கேட்டாள். அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே, இதுவே தன் கடைசி நாள் என்று அறிவித்தாள். அது 1900 டிசம்பர் 31. பதினொரு வாரச் சிகிச்சை அன்றோடு முடிந்தது.

இக்கனவின் உண்மைப் பொருள் இதுவென நாம் அறுதியிட்டுச் சொல்லப்புகுந்தால், பிராய்டின் குறை நம்முடையதும் ஆகிவிடும். டோராவைக் கேட்டறிய நமக்கு வழியில்லை. எனினும், துணைக்கு வருகிறேன் என்ற ஆடவனை மறுத்துத் தனியே நடந்த ஒருத்தியின் கனவு விளக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், கனவு கண்டவள் தன் துணைவரை விட்டுத் தனியே செல்ல முடிவுசெய்திருந்தாள் என்பது கண்கூடு. விளக்கம் நடந்துகொண்டேயிருந்தது, விளக்கப்பட்டவள் வெளியேறிக்கொண்டிருந்தாள்.

இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதியது பிராய்டின் பெருமை. தமக்கும் நோயாளிக்கும் இடையே மூண்ட உணர்வுகளை, அதாவது பழைய உறவுகளின் அன்பும் சினமும் மருத்துவர்மேல் வந்து படிவதை, உரிய காலத்தில் தாம் கவனிக்கவில்லை என்று பிற்குறிப்பில் அவர் ஒப்புக்கொண்டார். உளமருத்துவத்தின் மிக முக்கியமான பாடங்களுள் ஒன்று இத்தோல்வியினின்றே பிறந்தது.

டோராவின் கதை அத்துடன் முடியவில்லை. 1901-இல் கே. குடும்பத்தில் ஒரு குழந்தை இறந்தபோது அவள் துக்கம் கேட்கச் சென்றாள். தந்தையுடனான உறவு தனக்குத் தெரியும் என்று திருமதி கே.யிடம் நேரில் சொன்னாள், அவர் மறுக்கவில்லை. ஏரிக்கரையில் நடந்ததைத் திரு. கே. ஒப்புக்கொள்ளும்படி செய்தாள். அந்த ஒப்புதலைத் தன் தந்தையிடம் கொண்டுபோய் வைத்தாள். 1902 ஏப்ரலில் பிராய்டைச் சந்தித்து இவற்றை அவளே சொன்னாள். அவள் தேடியது அவ்வளவு காலமும் இதுவே என்று எரிக் எரிக்சன் 1964-இல் வெளியான தம் நூலில் சுட்டிக்காட்டினார். அடிமனத்தின் உண்மையைப் பிராய்டு நாடினார். நடந்தது நடந்தது என்று பெரியோர் வாய் திறந்து ஒப்புக்கொள்ளும் உண்மையை அவள் நாடினாள். இவ்விரண்டையும் பிரித்தறிவது ஆலோசனைப் பணியின் அரிச்சுவடி.

6. பின்வந்தோர்

பிராய்டின் மாணவராயிருந்த யுங் இதே இடர்ப்பாட்டை வேறொரு பக்கத்திலிருந்து அனுபவித்தார். 1909-இல் இருவரும் அமெரிக்கப் பயணத்தில் ஏழு வாரங்கள் ஒன்றாயிருந்தபோது ஒருவர் கனவை மற்றவர் ஆராய்ந்தனர். பல தளங்களுடைய வீடு ஒன்றில் படிப்படியாகக் கீழே இறங்கி, அடியிலிருந்த குகையில் இரண்டு மண்டையோடுகளைக் கண்டதாக யுங் கூறினார். அவை யாருடையவை என்று பிராய்டு வற்புறுத்திக் கேட்டார். யாரோ ஒருவர் சாகவேண்டும் என்னும் மறைவான ஆசையை அவர் எதிர்பார்த்தார். நட்பு முறிந்துவிடுமோ என அஞ்சிய யுங், தம் மனைவியும் மைத்துனியும் என்று பொய்விடை சொன்னார். யுங்கின் மறைவுக்குப்பின் 1962-இல் வெளியான அவரது வாழ்க்கை நினைவுகளில் இச்செய்தி உள்ளது. யுங்கைப் போன்ற கற்றறிந்த மருத்துவரே விளக்குபவரை மகிழ்விப்பதற்காகத் தம் கனவைக் குறித்துப் பொய் சொன்னாரெனில், ஆயரின்முன் அமர்ந்திருக்கும் ஏழை விதவை என்ன செய்வாள் என்பதை நாம் எண்ணிப்பார்க்கவேண்டும்.

நோயாளியின் இசைவு இல்லாத விளக்கம் பயனற்றது, பொருள் என்பது இருவரும் சேர்ந்து சிந்தித்ததன் கனியாயிருக்கவேண்டும் என்று யுங் 1930-களில் வலியுறுத்தியதற்கு இவ்வனுபவமும் காரணமாயிருந்திருக்கலாம். ஆயினும், பல நாட்டுப் புராணங்களிலிருந்து ஒப்புமைகளைக் கொணர்ந்து கனவின்மேல் குவிக்கும் அவருடைய வழக்கத்தில், கனவு கண்டவரின் குரல் நூலகத்தின் பேரொலியில் அமுங்கிவிடும் ஆபத்து உண்டு.

இவ்வகையில் மேலும் தெளிவாக வழிகாட்டியவர் அமெரிக்க உளமருத்துவர் மாண்டேகு உல்மன். 1979-இல் வெளியான நூலில் அவர் விளக்கிய குழுமுறையில், கேட்பவர் எவரும் ‘உன் கனவின் பொருள் இது’ என்று சொல்வதில்லை. ‘இது என் கனவாயிருந்தால் எனக்கு இவ்வாறு தோன்றும்’ என்றே சொல்லவேண்டும். அதை ஏற்பதும் விடுவதும் கனவு கண்டவரின் உரிமை. எப்போது வேண்டுமானாலும் அவர் போதும் என்று நிறுத்தலாம். கிளாரா ஹில் 1996-இல் வெளியிட்ட நூலில், முதலில் கனவின் காட்சிகளை ஆராய்தல், பின்பு அதன் பொருளை உணர்தல், இறுதியில் வாழ்வில் செய்யவேண்டியதைத் தீர்மானித்தல் என்று மூன்று படிகள் வகுத்தார். மூன்றிலும் மருத்துவர் உடன்வேலையாளரே.

இதனிடையே உடலியல் ஆராய்ச்சியும் வளர்ந்தது. விழிகள் விரைந்தசையும் உறக்கநிலையை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்து அறிவித்தனர். மூளைத்தண்டில் எழும் தூண்டல்களை முன்மூளை இயன்றவரை கோவைப்படுத்துவதே கனவு என்று 1977-இல் ஹாப்சனும் மெக்கார்லியும் வாதித்தனர். அவ்வுறக்கநிலையும் கனவும் ஒன்றல்ல என்று மார்க் சோம்ஸ் 1997-இல் எடுத்துக்காட்டினார். இவ்விவாதங்களால் நம் வினா அழிந்துவிடுவதில்லை. கனவு யாரோ எழுதியனுப்பிய மறைமொழிக் கடிதமன்று என்பதை அவை நமக்கு உணர்த்துகின்றன. காலையில் எழுந்து ஒருவர் அதைத் தம் வாழ்வோடு இணைத்துச் சொல்லும்போது பொருள் பிறக்கிறது. அவ்விணைப்பை அவருக்காக வேறொருவர் செய்துவிட இயலாது.

7. திருமறையின் ஒளியில்

பிராய்டு யோசேப்பைப் பண்டை முறையின் சான்றாக மட்டும் கண்டார். ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து வாசிப்போர் வேறொன்றையும் காண்பர். சிறையிலிருந்த இருவரின் முகவாட்டத்தையே யோசேப்பு முதலில் கண்டு, அதன் காரணத்தை விசாரிக்கிறார். கனவைப் பற்றிய பேச்சு அதன்பின் எழுகிறது. விளக்கம் தம்முடையதன்று, இறைவனுக்குரியது என்று சொல்லிவிட்டே கனவைக் கேட்கிறார். அவரும் அப்போது ஒரு கைதி; பொய்க் குற்றச்சாட்டால் உண்மை மறுக்கப்பட்டு அங்கே கிடப்பவர். துன்புற்றவர் துன்புற்றவரிடம் பேசுகிறார்.

தானியேல் 2-ஆம் அதிகாரத்தில், தமக்கு மற்றவரைவிட மிகுந்த ஞானம் உண்டென்பதால் மறைபொருள் வெளிப்படவில்லை, அரசன் தன் இருதயத்தின் எண்ணங்களைத் தானே அறியும்படிக்கே வெளிப்பட்டது என்று தானியேல் கூறுகிறார் (2:30). விளக்கத்தின் நோக்கம் விளக்குபவரின் புகழன்று. கனவு கண்டவர் தம்மை அறிதலே.

ஒரு தடையை இங்கே எதிர்பார்க்கிறோம். கனவு கண்டவர் சொல்வதே பொருளெனில், மனுஷர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதில்லையா? தம் கனவை இறைவாக்கென்று பரப்பியவர்களை எரேமியா கண்டிக்கவில்லையா (எரேமியா 23:25-28)? தாவீதின் கண்ணைத் திறக்க நாத்தான் தேவைப்படவில்லையா? இத்தடை நியாயமானது. இருதயம் திருக்குள்ளது என்று அறிக்கையிடும் நாம் பிராய்டின் ஐயத்தை முழுவதும் தள்ளிவிட இயலாது.

ஆனால் நாத்தான் யாரிடம் சென்றார் என்பதைக் கவனிக்கவேண்டும். அவர் சென்றது அரசனிடம். பேசியது அநீதியுற்றோரின் சார்பில். தானியேலும் நேபுகாத்நேச்சாரின் மரக் கனவைக் கேட்டுத் திகைத்து நின்றபின், அநீதியை விட்டு ஏழைகளுக்கு இரங்கும்படி அரசனுக்கே ஆலோசனை சொன்னார் (தானியேல் 4). உள்ளத்தைத் துளைக்கும் கடுமையான விளக்கம் திருமறையில் பெரும்பாலும் வலியோரை நோக்கியே பாய்கிறது. டோராவின் விஷயத்தில் அது திசைமாறிற்று. திரு. கே.யின் உள்ளமோ தந்தையின் உள்ளமோ ஆராயப்பட்டு மாற்றத்துக்கு அழைக்கப்படவில்லை; அவ்விருவருக்கும் நடுவே அகப்பட்ட பெண்ணின் உள்ளமே அடித்தளம்வரை தோண்டப்பட்டது. நாத்தான் தாவீதை விட்டுவிட்டு, பத்சேபாளிடம் சென்று அவளுடைய மறைவான ஆசைகளை விசாரித்ததற்கு ஒப்பாகும் இது.

பிலாத்துவின் மனைவியையும் இங்கே நினைவுகூரலாம் (மத்தேயு 27:19). நீதிமான் ஒருவரைப் பற்றித் தான் கனவில் பட்ட பாட்டை அவள் நியாயாசனத்துக்குச் சொல்லியனுப்பினாள். அக்கனவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, செவி தேவைப்பட்டது. அதிகாரத்திலிருந்தவர் செவிகொடுக்கவில்லை.

8. ஆயர் பணிக்குரிய சில முடிவுகள்

முதலாவது, கனவைச் சொல்ல வந்தவரிடம் நாம் பலன் சொல்லவேண்டா, கேட்கவேண்டும். அக்கனவில் உங்களை மிகவும் வருத்தியது எது, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, அதைச் சொல்லும்போது யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது என்னும் எளிய வினாக்கள் போதும். மௌனத்துக்கும் இடமளிக்கவேண்டும்.

இரண்டாவது, நமக்குத் தோன்றியதைச் சொல்லலாம். ஆனால் நமக்குத் தோன்றியதாகவே சொல்லவேண்டும். ‘ஆண்டவர் உணர்த்தினார்’ என்னும் முத்திரையை நம் ஊகத்தின்மேல் இடுவது, மறுக்கும் உரிமையை எளியோரிடமிருந்து பறிப்பதாகும். பிராய்டின் அதிகாரத்தை மறுத்து டோராவால் எழுந்து போக முடிந்தது. இறைவனின் பெயரால் சொல்லப்படும் விளக்கத்தை மறுத்து நம் சபையார் எங்கே போவர்?

மூன்றாவது, கனவின் வழியாக வீட்டில் நிகழும் தீங்கு வெளிப்படுமானால், கனவை வைத்துவிட்டுத் தீங்கைக் கவனிக்கவேண்டும். பூட்டமுடியாத அறையில் உறங்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது சாவி; ஆராய்ச்சி பின்னர் வரலாம். பதினெட்டு வயது நிறையாதோர்மீது பாலியல் குற்றம் நடந்ததென அறிபவர் எவரும் அதைக் காவல்துறைக்கு அறிவிக்கவேண்டுமென்று நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. ஆயரும் இதற்கு விலக்கல்லர். குடும்ப மானம், சபையின் நற்பெயர் என்னும் காரணங்கள் டோராவின் தந்தைக்கும் இருந்தன.

நான்காவது, ஆழ்ந்த மனச்சோர்வும் சாவு பற்றிய பேச்சும் உள்ளவரைக் காலந்தாழ்த்தாமல் தகுந்த மருத்துவரிடம் சேர்ப்பிக்கவேண்டும். ஜெபத்தோடு உடன்செல்வதும் நம் கடமை. ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன கனவு, பெயரை மறைத்தாலும் நம் பிரசங்க மேடைக்கு உரியதன்று.

பிராய்டு திறந்த வாயில் வழியே இருபதாம் நூற்றாண்டின் உளமருத்துவம் கனவுக்குள் நுழைந்தது. அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அவர் வகுத்த நெறியை அவரே மீறியபோது, அதை நினைவூட்டியவள் ஒரு பதினெட்டு வயதுப் பெண். இந்நூலை வாசிக்கும் இறையியல் மாணவர் பிராய்டின் கூர்மதியை வியப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பக்கத்திலும் டோரா சொன்னவற்றைத் தனியே கோடிட்டு, அவற்றை மட்டும் மீண்டும் ஒருமுறை வாசிப்பாராக. பிறர் சொல்வதைக் கேட்பது எத்துணை அரிய பணி என்பது அவ்வாசிப்பில் விளங்கும்.